மேலிடத்து உத்தரவு

தயிர் அலமாரிக்கு முன்னால் மகேந்திரராஜா கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். வலது கையில் கூடை, இடது கை நெஞ்சில். கொழுப்புக் குறைந்த தயிரா, நிறைந்த தயிரா என்பதுதான் மேலே அனுப்பப்பட்டிருக்கும் விண்ணப்பம். பின்னால் இரண்டு ஜெர்மன் மூதாட்டிகள் தள்ளுவண்டிகளோடு வழி பார்த்து நிற்கிறார்கள். இந்த மனிதருக்கு மயக்கம் ஏதும் வருகிறதோ என்று ஒருத்தி மற்றவளைப் பார்க்கிறாள். ஒரு நிமிடத்துக்குள் பதில் வந்துவிடுகிறது. கண்ணைத் திறந்து, கொழுப்பு நிறைந்ததில் நான்கு டப்பா எடுத்துக் கூடையில் போடுகிறார். கொலஸ்ட்ரோல் ஏறியிருக்கிறது, குறைந்ததைத்தான் சாப்பிட வேண்டும் என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டு அவருடைய சட்டைப்பையிலேயே இருக்கிறது. “டொக்டர் தனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுறார். கர்த்தர் எனக்கு இதைத்தான் காட்டினவர்,” என்பார். கர்த்தருக்குக் கொழுப்புத் தயிரில் ஒரு பிரியம் இருப்பது வுப்பர்டால் தமிழர்களுக்குப் பழைய செய்தி.

ஐம்பத்தொன்பது வயது. ஜெர்மனிக்கு வந்து முப்பத்துநான்கு வருடம். வந்த காலத்தில் நல்ல சைவம். இராகுகாலம் பார்க்காமல் அகதி அலுவலகத்துக்குக்கூடப் போகமாட்டார். அதனாலேயே இரண்டு தவணை தவறி, விசா ஒரு வருடம் பிந்தியது. பிறகு முதுகுவலியில் கிடந்த நாளில் யாரோ வந்து ஜெபம் பண்ண, வலி போயிற்று, அவரும் மனைவியோடு ஞானஸ்நானம் எடுத்துக்கொண்டார். பஞ்சாங்கம் குப்பைக்குப் போனது. கேட்டுச் செய்யும் பழக்கம் மட்டும் போகவில்லை. முன்பு சாத்திரியாரிடம் கேட்டதை இப்போது நேராக மேலிடத்திலேயே கேட்கிறார். தரகர் இல்லாததால் பதிலும் கெதியாக வருகிறது.

பஸ்ஸா, தொங்குரயிலா என்று கேட்பார். நீலச் சட்டையா, சாம்பல் சட்டையா என்று கேட்பார். குடை மட்டும் கொண்டு போகமாட்டார், அது அவிசுவாசம். வுப்பர்டாலில் மழை பெய்யாத நாட்களை விரல்விட்டு எண்ணலாம் என்பதால், வருடத்தில் பாதி நாள் அவருடைய விசுவாசம் சொட்டச் சொட்ட நனைந்துதான் வீடு வந்து சேரும். “நனைக்கிறது அவற்ர சித்தமெண்டா நான் ஆர் மறிக்க?” என்று துவாயை வாங்கித் தலை துடைப்பார். துவாய் கொண்டுவந்து கொடுப்பது மனைவி கலாதேவி. அவரிடம் குடை உண்டு.

வேலை, ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில். காலை ஆறு மணிக்கு ஏப்ரனைக் கட்டினால், எண்பது கிழவர் கிழவிகளுக்கு உருளைக்கிழங்கு சீவி முடிக்கப் பத்து மணியாகும். கை சுத்தம், வேலை சுத்தம், குறை சொல்ல இடமில்லை. உப்பு விஷயத்தில்தான் தகராறு. சில நாட்களில் சூப்பில் உப்பைக் கூட்டிவிடுவார். தலைமைச் சமையற்காரி கெஸ்லர் அம்மா அகப்பையை நீட்டி, “ராஜா, இது யாருடைய வேலை?” என்று கேட்டால், முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல் விரலை மேலே காட்டுவார். மேல்மாடியில் இருப்பவர் நிர்வாகி. அந்தப் பாவம் இரண்டு முறை இறங்கி வந்து, உப்பைப் பற்றித் தான் ஒன்றும் சொல்லவில்லை என்று விளக்கம் கொடுத்திருக்கிறார்.

கீழ்ப்படிதல்தான் மகேந்திரராஜாவுக்குப் பிடித்த சொல். ஞாயிறு பின்னேரம் மூன்று மணிக்கு, ஜெர்மன் சபை தன் ஆராதனையை முடித்துக் கோப்பிக் கோப்பைகளைக் கழுவி வைத்துவிட்டுப் போன மண்டபத்தில் தமிழ்ச் சபை கூடும். சாட்சி சொல்லும் நேரம் வந்தால் முதலில் எழும்புகிறவர் அவர்தான். “என்ன விலை குடுத்தும் கீழ்ப்படிய வேணும், சகோதரங்களே. சொந்தச் சித்தம் எண்டு ஒண்டு எனக்கு இல்லை. அதை நான் எப்பவோ சிலுவையில அறைஞ்சுபோட்டன்.” சபை ஆமென் சொல்லும். பாஸ்டர் சேயோனும் ஆமென் சொல்வார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளை. பெயர் முருகனுடையது, அதை மாற்ற நிரப்ப வேண்டிய படிவங்களின் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு, முருகன் பெயரிலேயே ஊழியம் செய்து வருகிறார்.

சபைக்காரர் சிலர் கவனித்த ஒன்று உண்டு, வாய்விட்டுச் சொல்வதில்லை. கர்த்தர் இவரிடம் இதுவரை இவருக்குப் பிடிக்காத எதையும் கேட்டதில்லை. சபைப் பையன் சாருஜன் வீடு மாறிய அன்று, லிஃப்ட் இல்லாத நான்காம் மாடிக்குச் சோபா ஏற்ற ஆள் கூப்பிட்டபோது, “எனக்கு ஏவுதல் வரேல்லைத் தம்பி” என்று விட்டார். அதே சாருஜனுக்கு ஹனோவரில் கலியாணம் நடந்தபோது, அழைப்பிதழ் வருவதற்கு முன்பே ஏவுதல் வந்துவிட்டது. ஆட்டிறைச்சிக் கறி என்று கேள்விப்பட்டதும் அது உறுதிப்பட்டது. கர்த்தரும் அவரும் ஒரு வயிற்றில் பிறந்த பிள்ளைகள்போல ஒத்த கருத்தோடு இருபது வருடம் ஓட்டினார்கள்.

அந்த ஒற்றுமையில் கல் விழுந்தது கலாதேவியின் சிறுநீரகத்தால்.

இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகச் செயலிழந்து போயின. திங்கள், புதன், வெள்ளி என்று கிழமையில் மூன்று நாள் இரத்தம் கழுவும் நிலையத்தில் நாலரை மணி நேரம் கதிரையில் சாய்ந்து கிடக்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்தாயிற்று. வரிசை எட்டு, ஒன்பது வருடம் நீளும் என்றார்கள். பிறகுதான் வைத்தியர் கணவனைப் பார்த்து, உயிரோடு இருக்கும் உறவினர் ஒன்றைக் கொடுக்கலாம், கணவரும் கொடுக்கலாம், பொருந்துகிறதா என்று பரிசோதித்துப் பார்ப்போமா என்றார். மகேந்திரராஜா வாயைத் திறந்தார், மூடினார், “கர்த்தரிட்டக் கேட்டுப்போட்டுச் சொல்லுறன்,” என்றார். ஒரு வாரத்தில் பதில் வந்துவிடும் என்று வைத்தியர் நினைத்திருப்பார்.

பதினான்கு மாதம் போயிற்று. தயிருக்கு ஒரு நிமிடத்தில் பதில் சொன்ன கர்த்தர் சிறுநீரகத்துக்கு வாயே திறக்கவில்லை. மகேந்திரராஜா சும்மா இருந்தார் என்று சொல்லக்கூடாது. உபவாசம் இருந்தார், மத்தியானம் இரண்டு மணி வரை. வருடப் பிறப்புக்குச் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுத்தார். ஆளுக்கு ஒரு வசனம், அந்த வருடம் முழுக்க அதுதான் வழிகாட்டி. அவருக்கு வந்த வசனம் கொடுப்பதைப் பற்றியதாக இருந்தது. அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இது தவறி வந்திருக்கும், பக்கத்திலிருந்தவருடைய அட்டையாக இருக்கும் என்று பெட்டிக்குள் போட்டு இன்னொன்று எடுத்தார். இரண்டாவது அட்டை பொறுமையாகக் காத்திருப்பதைப் பற்றிப் பேசியது. அதைச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டினார்.

உண்மையைச் சொன்னால், அவருக்குப் பயம். கத்திக்குப் பயம், மயக்க மருந்துக்குப் பயம், இரத்தம் எடுக்க ஊசியைக் கண்டாலே கால் துவளும். மயக்கத்தில் போனால் திரும்பி வராமல் போய்விடுவேன் என்ற நடுக்கம் இரவில் அவரை எழுப்பி உட்கார வைத்தது. இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை, கர்த்தரிடம்கூட நேராகச் சொல்லவில்லை. “சித்தம் இன்னும் வெளிப்படேல்லை” என்பதுதான் அவருடைய வாயில் வந்தது. பதினான்கு மாதமும் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தார், பாவம்.

கலாதேவி ஒரு நாளும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருளா அது? மகள் வேணுஜாதான் கொதித்தாள். தன்னுடையதைத் தருகிறேன் என்று அவள் நின்றபோது, இன்னும் பிள்ளை பெறாத பெண்ணிடம் வாங்கமாட்டேன் என்று தாய் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். “அப்பா என்னவாம் அம்மா?” என்று அவள் ஒவ்வொரு கிழமையும் தொலைபேசியில் கேட்பாள். கலாதேவி ஊசி குத்திக் குத்திக் கயிறாகத் தடித்துப்போன இடது கையைத் தடவிக்கொண்டு சொல்வார்: “அவற்ர கர்த்தருக்கு இப்ப வேலை கூடவாம் பிள்ளை. தயிர் விசயமெல்லாம் முடிச்சுப்போட்டுத்தான் இதைப் பாப்பார்.”

ஒருவழியாக, போன யூலி மாதத்தில் பதில் வந்தது. ஞாயிறு சபையில் மகேந்திரராஜா எழுந்து நின்று கண்ணீரோடு சாட்சி சொன்னார். புதன்கிழமை காலை ஏழரை மணி, சமையலறையில் உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாராம். கெஸ்லர் அம்மா வெங்காயம் எடுக்கப் போயிருந்தாளாம். அந்நேரம் உள்ளத்தில் தெளிவாக ஒரு சத்தம்: கொடு. “நான் ஒரு கேள்வி கேக்கேல்லை, சகோதரங்களே. சரி ஆண்டவரே எண்டு கீழ்ப்படிஞ்சிட்டன்.” பதினான்கு மாதக் கணக்கு அந்த உற்சாகத்தில் யாருக்கும் நினைவு வரவில்லை. சபை எழுந்து நின்று பாடியது. கடைசி வரிசையில் கலாதேவியும் எழுந்து நின்றார், பாடவில்லை.

பரிசோதனைகள் நடந்தன. இரண்டு முறை மயங்கி விழுந்தார், ஆனாலும் போனார். இரத்தம் பொருந்தியது, இதயம் நல்லது, கொழுப்புத் தயிரையும் மீறி மனிதர் திடமாக இருந்தார். ஒன்றுதான் பாக்கி. இந்த நாட்டில் உயிரோடு இருப்பவர் உறுப்புக் கொடுப்பதென்றால், ஒரு குழுவுக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். ஒரு வைத்தியர், ஒரு சட்டத்தரணி, ஒரு மனநல நிபுணர். கொடுக்கிறவர் சொந்த விருப்பத்தோடுதான் கொடுக்கிறாரா, யாராவது நெருக்கினார்களா, வற்புறுத்தினார்களா என்று விசாரிப்பார்கள். அவர்களுக்குச் சந்தேகம் வந்தால் காரியம் அதோடு நின்றுபோகும்.

வேணுஜாவுக்கு அப்பாவைத் தெரியும். முந்தின நாளே வந்து எதிரில் உட்கார்ந்தாள். “அப்பா, அங்க போய்க் கர்த்தர் சொன்னவர் எண்டு மட்டும் சொல்லாதேங்கோ. நானா விரும்பிக் குடுக்கிறன் எண்டு சொல்லுங்கோ. அவ்வளவுதான்.”

“பொய் சொல்லச் சொல்லுறியோ?”

“அதில என்ன பொய்?”

“நானா விரும்பேல்லைப் பிள்ளை. அவர் சொன்னவர், நான் கீழ்ப்படியிறன். கத்திக்குக் கீழ படுக்கிற நேரத்தில அவரை மறுதலிச்சுப்போட்டு எப்பிடிப் படுக்கிறது?”

வேணுஜா தலையில் கை வைத்துக்கொண்டாள். “அப்ப அம்மாவுக்கு இல்லையெண்டாகிடும்,” என்றாள்.

டுசல்டோர்ஃபில் குழுவைச் சந்திக்கும் டெர்மின் பத்தரைக்கு. கலாதேவியைத்தான் முதலில் கூப்பிட்டுக் கால் மணியில் அனுப்பினார்கள். அடுத்து இவர். நீள மேசைக்கு அப்பால் மூன்று பேர். பக்கத்தில் மொழிபெயர்க்க ஹனோவரிலிருந்து வந்த சிவப்பிரியா, கோயம்புத்தூர்ப் பெண். வீட்டார் யாரும் மொழிபெயர்க்கக் கூடாதாம். சட்டத்தரணி அம்மா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார். சிவப்பிரியா திரும்பினாள். “சார், இந்த டிசிஷன் எடுக்கச் சொல்லி உங்கள யாராச்சும் ஃபோர்ஸ் பண்ணாங்களான்னு கேக்குறாங்க.”

“ஓம்,” என்றார் மகேந்திரராஜா.

சிவப்பிரியா ஒரு தரம் கண் கொட்டினாள். “யாரு சார்?”

“கர்த்தர்.”

அவள் மொழிபெயர்த்தாள். மூன்று பேனாக்களும் ஒரே நேரத்தில் எழுதத் தொடங்கின. மறுத்திருக்க முடியாதா என்று கேட்டார்கள். அவருக்கு இல்லையென்று சொல்ல ஏலாது என்றார். மறுத்தால் தண்டனை வருமா? அது அவருடைய சித்தம் என்றார். மனைவியே கத்தியைக் காட்டிக் கேட்டிருந்தால்கூடக் குழு இவ்வளவு கலங்கியிருக்காது. சபையில் கரகோஷம் வாங்கிய அதே சொற்கள் இங்கே ஒவ்வொன்றாகப் போய் மனைவியின் தலையில் விழுந்துகொண்டிருந்தன. அது அவருக்கும் விளங்கிற்று. விளங்கியும் நிறுத்தத் தெரியவில்லை, வேறு பாஷை அவரிடம் இல்லை.

மனநல நிபுணர், வயதான மனிதர், மெதுவாக முன்னால் சாய்ந்து பேசினார். சிவப்பிரியாவும் குரலைத் தாழ்த்தினாள். “சார், உங்களுக்கு வேண்டாம்னா இப்பவே சொல்லிடலாமாம். மெடிக்கலா மேட்ச் ஆகலன்னு ஹாஸ்பிடல்லயே லெட்டர் குடுத்துடுவாங்களாம். உங்க வைஃபுக்கோ, சர்ச்சுக்கோ, யாருக்குமே ரியல் ரீசன் தெரியாதாம்.”

பதினான்கு மாதம் முழங்காலில் நின்று எதைக் கேட்டாரோ, அது இப்போது மேசைக்கு மேலே வந்து உட்கார்ந்திருந்தது. ஒருவருக்கும் தெரியாது. கத்தி இல்லை, மயக்க மருந்து இல்லை. அவமானமும் இல்லை. கர்த்தர்கூடக் கோபிக்கமாட்டார், ஆஸ்பத்திரியே எழுதிக் கொடுக்கிறதே. ஓம் என்ற ஒரு சொல்தான். நாக்கு நுனிவரை வந்த அதை விழுங்க அவர் பட்டபாட்டில் நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. வழக்கம்போல் மேலே கேட்டுப் பார்த்தார். ஒரு பதிலும் இல்லை.

அந்த நேரத்தில் சட்டத்தரணி அம்மா கோப்பைப் புரட்டிவிட்டு ஒரு சின்னச் சந்தேகம் கேட்டார். உங்கள் கடவுள் எப்போது சொன்னார்?

“யூலி மாசம் ஒன்பதாந் தேதி, புதன்கிழமை. காலமை ஏழரைக்கு.” தேதி விஷயத்தில் மகேந்திரராஜா கெட்டிக்காரர்.

அம்மா ஒரு தாளை உருவி வைத்து விரலால் தட்டினார். சிவப்பிரியா அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள். “சார், நீங்க டோனர் ஆக ரெடின்னு ஹாஸ்பிடலுக்கு ஃபோன் பண்ணது எட்டாம் தேதின்னு இதுல இருக்கு. செவ்வாய்க்கிழமை. சாயங்காலம் மூணே முக்கால்.”

ஜெர்மன்காரர் எல்லாவற்றையும் எழுதி வைப்பார்கள் என்று அவருக்கு முப்பத்துநான்கு வருடமாகத் தெரியும். இதையும் எழுதி வைத்திருப்பார்கள் என்று தோன்றவில்லை. கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்தியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“நான் அண்டைக்குக் கேக்கேல்லை,” என்றார் கடைசியில். குரல் சபைக் குரல் அல்ல. “கேக்காமலே செய்துபோட்டன். வேலையால வெள்ளன வந்தனான். சரியான வெக்கை. குசினிக்குள்ள அவ நிண்டவ, நான் வந்தது தெரியாது. அவவுக்கு ஒரு நாளைக்கு அளவுத் தண்ணிதான், பிள்ளை. கூடக் குடிச்சா நெஞ்சுக்குள்ள ஏறிப்போடும். பைப்பைத் திறந்து வாய் நிறையத் தண்ணி எடுத்தவ. கொஞ்ச நேரம் கண்ணை மூடி வாய்க்குள்ள வைச்சிருந்துபோட்டுத் துப்பினவ. பிறகும் எடுத்தவ, பிறகும் துப்பினவ. ஆறு தரம். ஒரு சொட்டு விழுங்கேல்லை. நான் கீழ இறங்கிப் போய், குப்பைத் தொட்டியடியில நிண்டு போன் எடுத்தனான்.”

சிவப்பிரியா மொழிபெயர்த்தாள். முடிந்ததும் முதியவர் கேட்டார்: அப்போது கடவுள் ஒன்றும் சொல்லவில்லையா?

“இல்லை. அவர் அடுத்த நாள்தான் சொன்னவர்.”

ஒரு பெரிய பாவத்தை அறிக்கையிட்ட களைப்போடு அவர் கதிரையில் சாய்ந்தார். எதிரில் மூன்று பேரும் எழுதுவதை நிறுத்திவிட்டார்கள். தங்களுக்கு இனிக் கேள்வி இல்லை, ஆட்சேபனையும் இல்லை, கடிதம் அடுத்த கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேரும் என்று சட்டத்தரணி அம்மா எழுந்து கை கொடுத்தார். மகேந்திரராஜாவுக்கு அது முழுதாக விளங்கவில்லை. இவ்வளவு நேரம் கர்த்தரைச் சாட்சிக்கு இழுத்தும் அசையாதவர்கள், அவரைக் கேளாமல் செய்த ஒரு காரியத்துக்கு எதற்காகக் கை கொடுக்கிறார்கள்? கதவடியில் சிவப்பிரியாவை ஒருபக்கமாகக் கூப்பிட்டார். “பிள்ளை, இதை எங்கட சபை ஆக்களுக்கு ஒருக்காலும் சொல்லிப்போடாதேங்கோ.” அவளுக்கு அந்தச் சபை எந்தத் திசையில் இருக்கிறதென்றே தெரியாது. சரி சார் என்றாள்.

நடைபாதை வாங்கில் கலாதேவி, தோல் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கணவனின் முகத்தைப் பார்த்ததும் எழுந்தார். “என்னவாம்?”

“சரியாம். கடிதம் போடுவினமாம்.”

“கர்த்தர் சொன்னவர் எண்டு சொல்லிப்போட்டியளே?”

“சொன்னனான்.”

“பிறகு எப்பிடி விட்டவை?”

கலாதேவி இடது கையில் பாரம் தூக்கக்கூடாது. பையின் வாரை வலது தோளில் போடத் தடவிக்கொண்டிருந்தார். மகேந்திரராஜா அதை அவர் கையிலிருந்து வாங்கினார். பித்தளைக் கொழுவி வைத்த பெண்கள் பை. கலியாணமாகி முப்பது வருடத்தில் மனைவியின் கைப்பையை நாலு பேர் பார்க்கத் தொட்டவர் அல்ல. தன்னுடைய தோளில் மாட்டினார், சேர்ட் கொலரை இழுத்துவிட்டுக்கொண்டார், வழக்கம்போல் இரண்டடி முன்னாலேயே படியிறங்கி நடந்தார்.